பின்னே அடிக்க வேண்டிய காற்று

எங்கள் அம்பாசடருக்குக் காற்றுப்பை வைத்தது எனக்காகத்தான். வாடகைக்கு ஓடுகிற கார் அது, ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அதற்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் ஆறாம் மாதத்திலேயே வந்து, போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் நின்றதும் திருவனந்தபுரத்து டாக்டரம்மா கர்ப்பப்பையின் வாயில் தையல் போட்டுவிட்டு, "கிடக்கணும். அனங்கான் பாடில்ல" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அசையக் கூடாதாம். சரி, அசையவில்லை. ஆனால் அந்தத் தையலைக் காட்ட மாதாமாதம் அவரிடமே போக வேண்டுமே! மழை கழிந்த பிறகு எல்லையோரத்துக் காரோடு ஊரிலிருந்து பாறசாலை வரை ரோடு என்று ஒன்று கிடந்தது. அதில் காரின் பின்சீட்டில் படுத்துப் பார்த்திருந்தால் டாக்டரம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

தையல் விட்டால் பிள்ளை போயிற்று. இன்னொரு முறை தாங்க எனக்குத் திராணி இல்லை என்று வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். அன்று முதல் காருக்கு அடியில் புகுந்து கிடப்பதே அவருக்கு வேலையாயிற்று.

அவருடைய அண்ணன் வளைகுடாவில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது சோப்புக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் தடித்த ரப்பர் பை இரண்டைக் கொண்டுவந்தார். பாரம் ஏற்றுகிற வண்டிகளுக்கு வைப்பதாம் அது. பின்சக்கரத்து அச்சுக்கும் மேலே இருக்கிற சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் காற்றடித்தால், குழியில் விழுகிற அடியைப் பை வாங்கிக்கொள்ளும் என்றார். எப்படி மாட்டுவது என்று கேட்டபோது, "அது இங்க உள்ள மேஸ்திரிமாருக்குத் தெரியும்" என்று சொல்லி விமானம் ஏறிவிட்டார். நல்ல அண்ணன்!

நெய்யாற்றின்கரையில் ரோட்டோரமாகப் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் கிடைத்தார். மலையாளக்காரர். இரும்புத் தகடுகளைப் பட்டறையிலேயே வெட்டி, துளை போட்டு எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்துக்கே வந்தார். நான் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். வேறு என்ன வேலை எனக்கு?

காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து நிறுத்தினார்கள். பின்னால் அடுக்கடுக்காய் இருக்கிற ஸ்பிரிங் பிளேட்டில் ஒன்றைக் கழற்றி எடுத்தார் மேஸ்திரி. அது இருந்தால் பை வேலை செய்யாதாம். தகடுகளை போல்ட் போட்டு முறுக்கி, நடுவில் பையை உட்கார வைத்தார். பையிலிருந்து வந்த ரப்பர் குழாய் சைலன்சரில் பட்டால் உருகிவிடும் என்று அதைத் தள்ளிக் கட்டி, டயர் வால்வு மாதிரி ஒன்றை டிக்கிக்குக் கீழே பொருத்தினார். பிறகு காற்றடித்து, சோப்பு வெள்ளம் தடவி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள். கடற்கரையிலிருந்து இங்கே வந்து குடியேறியவள் அவள், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். என் அம்மாவுக்குக் கார் ஏறினாலே வாந்தி வரும் என்பதால் ஒவ்வொரு முறையும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் இந்த அக்காதான்.

"எட்டி, மாசம் ஒனக்கா காருக்கா? வயிறு வீங்குனது அதுக்காக்கும்!" என்றாள்.

எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி பையிலிருந்த காற்றைத் திறந்து வெளியே விட்டுக் கையைத் துடைத்தார். "அண்ணா, காத்து பின்னே அடிச்சா மதி, கேட்டோ" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போனார்.

இந்தப் 'பின்னே'யை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் தடுமாறியதில்லை. தமிழில் அது பின்பக்கம், மலையாளத்தில் பிறகு. 'அல்லாமல் வேறென்ன' என்று சொல்வதற்கும் ஒரு 'பின்னே' உண்டு. காலையில் எழுந்தது முதல் மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுகிற ஆட்கள் நாங்கள். பையும் பின்பக்கம்தான் இருக்கிறது, பின்பக்கம் அடித்தால் போதும் என்கிறார் என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியே கேட்ட எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி நாள். நான் பல் தேய்ப்பதற்குள் அவர் கால் பம்பை வைத்து மிதி மிதியென்று மிதித்தார். டயரை அமுக்குவது போல் பையைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. காரின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, சண்டைக்கு நிற்கிற கடா மாதிரி. "எப்பிடி உண்டு?" என்று பெருமையாய்க் கேட்டார். நான் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்தேன்.

முதல் குழியிலேயே தெரிந்துவிட்டது. பழைய ஸ்பிரிங்காவது கொஞ்சம் அமுங்கும். இது என்னைத் தூக்கி எறிந்தது. அக்கா ஒரு கையால் என்னையும் மறு கையால் கூரையையும் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று கூப்பிட்டாள்.

"புதுசு இல்லியா மக்கா, செத்த நேரம் ஓடுனா பழகும்" என்றார் முன்னாலிருந்து.

"பழகதுக்குள்ள நான் செத்துருவேன்! சவத்துக் காத்துப்பை!"

பாறசாலை தாண்டியதும் அடிவயிற்றில் சுரீரென்று ஒரு வலி. முந்தின இரண்டும் அப்படி ஒரு வலியில்தான் தொடங்கின. 'நிறுத்துங்க' என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து மேஸ்திரியின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேஸ்திரி காரின் பின்பக்கத்தை ஒரே ஒரு பார்வை பார்த்தார். "இதெப்போ காத்தடிச்சது அண்ணா?"

"காலையில. இவ கேறதுக்கு முன்ன."

"ஞான் பறஞ்ஞதல்லே, பின்னே அடிச்சா மதீன்னு?"

"பின்னதானே அடிச்சேன்! பின்ன முன்னயா அடிச்சேன்?"

"ஆளு கேறீட்டு பின்னே! வண்டி நேரே நில்க்குந்ந வரெ மாத்திரம்!"

ஆட்கள் ஏறிய பிறகு, வண்டி மட்டமாக நிற்கிற வரைக்கும் மட்டும் அடிக்க வேண்டும். இதைத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன். இரண்டு பேரும் கை நீட்டிப் பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ! "தமிழும் மலையாளமும் ரெண்டு பேருமா பெறவு படியுங்க! மொதல்ல காத்தத் தெறங்க!" என்று கத்தினேன்.

நான் படுத்திருக்கும்போதே மேஸ்திரி வால்வை அமுக்கினார். கார் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அங்கிருந்து திருவனந்தபுரம் வரை குழி வந்தது தெரிந்தது, ஆனால் அடி என்மேல் விழவில்லை. டாக்டரம்மா பார்த்தார். தையல் அப்படியே இருந்தது. வலி வாயுவாம்.

"காரில உள்ள காத்து போராதுண்ணு ஒனக்க வயித்துலயுமா?" என்று அக்கா கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதன் பிறகு நான் படுத்தபின்தான் காற்று. அடித்துவிட்டுத் தூரப்போய்க் குந்தியிருந்து வண்டி மட்டமா என்று பார்ப்பார். ஓட்டுவதோ, சைக்கிள்காரன் மணியடித்து முந்திப் போவான். ஒன்பதாம் மாதம் தையலைப் பிரித்துவிட்டு, "வலி கண்டா உடனே வரணும். நினக்கு வேகம் பிரசவிக்கும்" என்று டாக்டரம்மா எச்சரித்தார். இவர் தலையாட்டினார்.

ஒரு மத்தியானம் வலி கண்டது. நான் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, இவர் காற்றடித்து, தூரப்போய்க் குந்தியிருந்து, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் அடித்தார். "வண்டிய எடுங்க!" என்று அலறினேன். எடுத்தார். ஆனால் வேகம் மட்டும் வரவில்லை. இத்தனை மாதம் பயந்த கால் எப்படி அழுத்தும்? நெய்யாற்றின்கரையைக்கூட எட்டவில்லை.

"பிள்ள வந்தாச்சு, நிறுத்துலே!" என்று அக்கா கூவினாள்.

ரோட்டோரம் நின்றது கார். அக்கா பிள்ளையைக் கையில் ஏந்தி, கவிழ்த்து, முதுகில் தட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் தட்டினாள். அப்புறம் கத்திற்று பாருங்கள், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கப் பயம். "கரையுதா?" என்று கேட்டார், பிள்ளை அழுகிறதா என்று.

"கேக்கல்லியா ஒங்களுக்கு? கரையுது! இனி வேகம் விடுங்க!" என்றேன்.

தோள் குலுங்க அழுதுகொண்டே வண்டியை எடுத்தார். அன்றைக்குத்தான் அவர் குழி பார்க்காமல் ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் பிள்ளை வீல் வீலென்று கத்தியது. கத்தட்டும் என்று கிடந்தேன்.