செருப்பு வாரும் இருபத்தேழாம் கேள்வியும்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பட்டியலும் நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரும். மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் படிவம் அக்கா. புள்ளிவிவர அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக ஒப்பந்த ஊழியை. கையில் நீலக் கோப்பு, தோளில் துணிப்பை, காலில் வார் வைத்த செருப்பு. இந்தக் கோலத்தோடு அவள் ஒரு தெருவில் நுழைந்தால் பாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும். மீதிப் பாதி, "வீட்ல யாருமில்ல" என்று உள்ளேயிருந்தே பதில் சொல்லும்.

இந்த வருஷத்து வேலை, குடும்பங்களின் கடனையும் பணக் கஷ்டத்தையும் மாவட்டம் மாவட்டமாக அளப்பது. மாவட்டத்துக்கு அறுநூறு வீடு, வீட்டுக்கு முப்பத்தெட்டுக் கேள்வி. முதல் இருபத்தாறுக்கு ஜனங்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை மின்விசிறி, அதில் எத்தனை சுற்றுகிறது என்பதெல்லாம் யாருக்கும் வலிக்காத சங்கதி. இருபத்தேழாவதில்தான் வண்டி குடை சாயும். "இன்றைய தேதியில் இந்தக் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு கடன்? யாரிடம்?"

உடனே புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான், அவள் சுவரைப் பார்ப்பாள். "கடனா? கடவுள் புண்ணியத்துல அதெல்லாம் ஒண்ணும் கிடையாது." பத்து வீட்டில் ஒன்பதில் இதே வாக்கியம், அதே ராகத்தில் வரும். சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் தவணை வசூலிக்கிற ஆளின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். வீட்டுக்காரர் பின்பக்கமாகக் காணாமல் போய்விடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்களோ பூசணிக்காயின் மேல் உட்கார்ந்துகொண்டு, காய் எங்கே என்று நம்மையே கேட்கிற ரகம்.

மற்ற மாவட்டங்களில் கணக்கெடுப்பவர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சம்பளம் எல்லோருக்கும் ஒன்றுதான். படிவம் அக்காவுக்கு மட்டும் பொய் எழுதினால் தொண்டையில் சோறு இறங்காது. அது ஒரு வியாதி, மருந்து கிடையாது.

அவளுக்கு வழி கிடைத்தது தற்செயலாகத்தான். கணக்கெடுப்பு தொடங்கிய புதிதில் ஒரு தையல்காரர் வீட்டில் வழக்கம்போல் பூஜ்யம் எழுதி, கோப்பை மூடி, வாசலுக்கு வந்து செருப்பு மாட்டினாள். வாரின் கொக்கி சிக்கிக்கொண்டது. குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேலே தையல்காரரின் குரல் கேட்டது.

"அக்கா, அந்த இருபத்தேழாவது கேள்வி கேட்டீங்கல்ல... மிஷின் ரெண்டும் அடகுல இருக்கு."

அவள் நிமிரவில்லை. இது ஞானம் ஒன்றும் இல்லை, கொக்கி விடவில்லை. "ம்," என்றாள்.

"அது போக மச்சான்கிட்ட பன்னண்டாயிரம்."

"ம். வேற?"

கொக்கி மாட்டி முடிவதற்குள் ஏழு பேரிடம் வாங்கிய கடன் வரிசையாக வெளியே வந்துவிட்டது. "எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள். "எழுதுங்க, பேரு வராதுல்ல?" என்றார். "பேரே வராது, நம்பர் மட்டும்தான்," என்று சத்தியம் செய்தாள். அன்று அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. மனுஷன் முகத்துக்கு நேரே கடனைச் சொல்ல மாட்டான். குனிந்த தலையிடம் சொல்லுவான். பாரம் அவனுக்கும் இருக்கிறது. இறக்கி வைக்க இடம்தான் இல்லை.

அதிலிருந்து அவள் இருபத்தேழாம் கேள்வியை வாசற்படியில் வைத்துக்கொண்டாள். கேட்பதுகூட இல்லை, செருப்பு மாட்டுவாள், அவ்வளவுதான். நாளாக ஆகக் கொக்கி தேய்ந்து சுலபமாக மாட்ட ஆரம்பித்தபோது, செருப்புத் தைக்கிறவரிடம் போய், கொஞ்சம் வளைத்துவிடச் சொன்னாள். "என் தொழில்ல, செருப்பைக் கெடுத்துக் குடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்," என்றார் அவர். பிறகு செருப்பின் மேல் குனிந்து, கொக்கியை வளைத்தபடியே, தன்னுடைய கடனையும் சொல்லி முடித்தார். அவர் வீடு அந்த அறுநூறு வீட்டுப் பட்டியலிலேயே கிடையாது.

அவளுடைய வீடும் கிடையாது. கணக்கெடுப்பவர் வீட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. அலுவலகத்தில் இருக்கிற நூற்றுச் சொச்சம் விதிகளில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விதி அதுதான்.

கணக்கெடுப்பு முடிந்தது. தலைமை அலுவலகத்தில் மாநிலத்தின் வரைபடத்தை விரித்து வண்ணம் பூசினார்கள். கஷ்டம் குறைவென்றால் மஞ்சள், மிதமிஞ்சினால் சிவப்பு. பதினான்கு மாவட்டங்கள் மஞ்சளாக ஜொலித்தன. நடுவில் ஒரே ஒரு மாவட்டம், மை கொட்டியதுபோல் சிவந்து கிடந்தது. அங்கே வெள்ளமில்லை, வறட்சியில்லை, ஆலை எதையும் மூடவில்லை. பின்னே எப்படி என்று மேலிடம் குதித்தது. கணினியைத் தட்டிப் பார்த்ததில், அறுநூறு படிவத்தில் நானூற்றுப் பத்தை நிரப்பியது ஒரே கை என்று தெரிந்தது. படிவம் அக்காவின் கை.

கடிதம் வந்தது. பத்து வீடுகளில் மறுபரிசோதனை. பாதிக்கு மேல் பொருந்தாவிட்டால் அவளுடைய படிவங்கள் குப்பைக்குப் போகும். பக்கத்து மாவட்டங்களின் சராசரி அங்கே உட்காரும். இனி எந்தக் கணக்கெடுப்பிலும் அவளுக்கு வேலை கிடையாது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவர் லாரி ஓட்டியவர். முழங்கால் போய் வீட்டில் இருக்கிறார். கடிதத்தை மூன்று முறை படித்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"முட்டையைப் போட்டுட்டுப் போனவனெல்லாம் மஞ்சள்ல ஜம்முனு உட்கார்ந்திருக்கான். உள்ளதை எழுதினவ திருடியா?" என்றாள் கணவரிடம்.

"நீயும் முட்டை போட்டிருக்கலாம்ல?" என்றார் அவர். ஒரு வாரத்துக்கு அவரோடு பேச்சில்லை.

பரிசோதிக்க வந்த அதிகாரிக்குக் கிட்டத்தட்ட அவள் வயதுதான். மடிப்புக் கலையாத சட்டை, கயிறில்லாத பளபளப்புச் சப்பாத்து. "டீ வேணுமா சார்?" என்றால், "எண்பது சதவீதம் வேண்டாம்," என்று சொல்கிற ஆள். அலுவலகத்தில் அவருக்குச் சதவீதம் என்றே பெயர். போகும்போதே விதியைச் சொல்லிவிட்டார். எந்தெந்த வீடு என்று அவள் கைகாட்டலாம். வாயைத் திறக்கக் கூடாது.

முதல் வீடு தையல்காரர் வீடு. படிவத்தில் ஏழு கடன். சதவீதம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து இருபத்தேழாம் கேள்வியைக் கேட்டார்.

"கடனா? எங்கிட்டதான் சார் நாலு பேரு கடன் வாங்கியிருக்காங்க!" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு, அதிகாரியின் தோளுக்கு மேலாகப் படிவம் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

விஷயம் அவளுக்கு முன்பே தெருவுக்குள் போய்விட்டிருந்தது. அக்காவோட பெரிய அதிகாரி வர்றாராம், அக்கா எழுதினது ஜாஸ்தியாப் போச்சாம், அதனால வேலைக்கே ஆபத்தாம். அந்தத் தெருவுக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். கூடிப் பேசி அவளைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். எப்படி? கடனே இல்லை என்று சொல்லித்தான். பிரியம் இருந்த அளவுக்கு மூளை இருந்திருந்தால் அவர்களுக்கு ஏன் ஏழு கடன்?

இரண்டாவது வீடு சைக்கிள் கடைக்காரருடையது. "பக்கத்து மனையையும் வாங்கிப் போட்டுடலாமான்னு பார்த்துட்டிருக்கோம்," என்றார் அவர். மனைவி கழுத்தில் தடியாக ஒரு சங்கிலி மின்னியது. மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் கழுத்திலும் அதே சங்கிலி. பின்பக்கமாக ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலாவது வீட்டுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஜன்னல் வழியாகக் கை மாறியதை அதிகாரி தவிர எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே டிசைன்தான் போடுறாங்க," என்றார் சதவீதம்.

படிவம் அக்கா விளக்குக் கம்பத்தடியில் நின்றாள். அடப்பாவிகளா, என்னைக் கொல்றீங்களேடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் விதி போச்சு. திறந்து, இவருக்கு இன்னாரிடம் இவ்வளவு கடன் என்று சொன்னால், செய்த சத்தியமும் போச்சு. ஆகவே நின்றாள்.

எட்டாவது வீடு மூன்றாம் மாடியில். அங்கிருந்த ஆஸ்பத்திரி ஆயா, வெயிலில் நிற்காதே என்று அவளையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதிகாரிக்குப் பூஜ்யம் கொடுத்தாள்.

"எட்டுக்கு எட்டு," என்றார் சதவீதம் படிக்கட்டில். "நூறு சதவீதம் பொருந்தல." ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

அவள் செருப்பு மாட்டக் குனிந்தாள். கண்ணில் நீர் கட்டி, கொக்கி ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று இன்னும் குனிந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மேல்படியில் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குக் கார் லோன் ஒண்ணு இருக்கு," என்றார்.

எதற்கு இப்போது இது என்று அவளுக்கு விளங்கவில்லை. "ம்," என்றாள் பழக்க தோஷத்தில்.

"அது ஆபீசுக்குத் தெரியும். அந்தத் தவணையைக் கட்ட இன்னொண்ணு வாங்கினேன். அது வீட்டுக்குத் தெரியாது."

"ம். வேற?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பொண்ணு படிப்புக்குச் சங்கத்துல ஒண்ணு. மச்சினன்கிட்ட ஒண்ணு. அவன் இப்பல்லாம் எப்பத் தருவீங்கன்னு கேக்கிறதில்ல. என்னைப் பார்த்ததும் மூச்சை மட்டும் இழுத்து விடுறான். அதுக்கு நேராவே கேட்டுடலாம். அப்புறம் கிரெடிட் கார்டு மூணு. மூணாவது, மொத ரெண்டையும் கட்ட. சம்பளத்துல அறுபத்தெட்டு சதவீதம் வட்டிக்கே போகுது மேடம்."

அவர் வாழ்நாளில் சொன்ன சதவீதங்களில் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அவளைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். கையிலிருந்த எட்டுப் படிவங்களையும் பார்த்தார்.

"இந்த வாரு... வேணும்னேதான் மாட்டாம இருக்கீங்களா?"

"மத்த நாள்ல அப்படித்தான் சார்," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னைக்கு நெஜமாவே மாட்டல."

சதவீதம் படியிறங்கி, நேராகத் தையல்காரர் வீட்டுக்கே திரும்பிப் போனார். அவருடைய சப்பாத்தில் வாரும் இல்லை, கயிறும் இல்லை. என்ன செய்வார் பாவம்? வாசலில் நின்று, ஒன்றைக் கழற்றி, கல் மாட்டிக்கொண்டதுபோல் உதறினார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். படியில் தட்டினார். தையல்காரர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லா சார்?"

"ம்."

"அக்கா வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"நெஜத்தைச் சொன்னா ஆகாது."

"மிஷின் ரெண்டும் அடகுல இருக்கு சார்."

ஏழும் வந்தன. படிவத்தில் இருந்ததைவிட மூன்று மாத வட்டிதான் கூடுதல். சைக்கிள் கடையில் மற்றக் கால் சப்பாத்தைத் தட்டினார். மனையும் போச்சு, சங்கிலியும் போச்சு. ஆறாவது வீட்டுக்கு வருவதற்குள் தட்டித் தட்டி ஒரு சப்பாத்தின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. பத்தாவது வீட்டில் ஒரு கிழவர் கால்மணி நேரம் அவர் உதறுவதையே பார்த்துவிட்டு, "வேற சப்பாத்து வாங்கக் காசில்லையா தம்பி?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே கடன் இல்லை. படிவம் அக்காவும் அந்த வீட்டுக்குப் பூஜ்யம்தான் போட்டிருந்தாள்.

பத்துக்குப் பத்து. பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து சதவீதம் அறிக்கையை எழுதினார். சிவப்பு மாவட்டம் சரி. மஞ்சள் மாவட்டங்கள் பதினான்கையும் திரும்ப எண்ண வேண்டும். கையெழுத்தைப் போட்டு அவளிடமே காட்டினார். படித்ததும் படிவம் அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ரொம்ப நன்றி சார். நாளைக்கு எப்படி விடியும்னு இருந்தேன்."

அவர் வாய் பிளந்த சப்பாத்தைக் கழற்றினார். குனிந்து அதற்குள் எதையோ தேட ஆரம்பித்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"உங்களுக்கு?" என்றார், நிமிராமல்.

"எனக்கா? கடவுள் புண்ணியத்துல அதெல்லாம்..."

அதே ராகம். ஆயிரம் வாயிலிருந்து கேட்ட ராகம் தன் வாயிலிருந்தே வந்ததும் அவளுக்கு வெட்கமாகிப் பாதியில் நின்றாள்.

"ம்," என்றார் சதவீதம்.

பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் கேட்டதில்லை. கணவர்கூட.

"சம்பளம் நாலு மாசத்துக்கு ஒருதரம்தானே சார் வருது. நடுவுல வீடு வீடாப் போய்க் கடனை எண்ணுறதுக்குப் பஸ் காசு வேணுமே? அந்தத் தையல்காரர்கிட்டதான் வாங்குறேன். நாலு பேரு எங்கிட்ட கடன் வாங்கியிருக்காங்கன்னாரே, அது பொய் இல்ல. அதுல ஒண்ணு நான்."

"ம். வேற?"

அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். பேருந்து வந்தது, நின்றது, நடத்துநர் இரண்டு தரம் விசிலடித்துப் பார்த்தார். இருவரும் எழுந்திருக்கவில்லை.