சித்தி தள்ளிப் படுத்த மூன்று மாதம்

ஒன்பது வயதுவரை நான் சித்தியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன். அம்மாவின் தங்கை அவள். மைசூரில் எங்கள் வீட்டில் தங்கி ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கௌதள்ளியில் மாப்பிள்ளை பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவள் போய்விடுவாளே என்று வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ரவிக்கைத் துணி எடுக்க இருவரும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனோம். வாழைத்தார் சுமந்து வந்த ஒருவரை ஆட்டோ இடித்துத் தள்ளியது. தலையிலிருந்து ரத்தம் கொட்டியது. கூடி நின்றவர்கள் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி ஒருவரையொருவர் ஏவிக்கொண்டிருக்க, சித்தி உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். அவரை யாரோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். காலையில் அரிவாள்மணையில் வெட்டிக்கொண்ட விரலில் கட்டு அவிழ்ந்து, காயம் முழுக்க அந்த மனிதரின் ரத்தம்.

சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருந்த காலம். விரலைப் பிதுக்கச் சொன்னார் ஒரு பூக்காரர். அதைக் கேட்காமல் குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவிவிட்டு, சித்தி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிதுக்காததும் கழுவியதும் நல்லது என்றார் டாக்டரம்மா. அடிபட்டவர் யாரென்று தெரியாததால் இவள் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும், இன்று ஒருமுறை, மூன்று மாதம் கழித்து மறுமுறை. தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் யாருக்கும் பரவாது, கல்யாணத்தை மட்டும் அதுவரை தள்ளிப்போடுங்கள் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். கடைசியாக, "பயபடபேடம்மா" என்றார்.

பயப்படாதே என்று அவர் சொல்லியும் சித்தி பயந்தாள். அன்றே தன் பாயைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள். தட்டும் டம்ளரும் தனியாயின. நான் மடியில் ஏறப் போனால் ஏதாவது வேலை நினைவு வந்து எழுந்துவிடுவாள். துணி வாங்காமல் திரும்பியதற்கு நான் மார்க்கெட்டில் அழுத கோபம்தான் என்று நினைத்தேன். அவள் வேலைக்குப் போனதும் அவள் தலையணையில் முகம் புதைத்துக் கிடப்பேன். தேங்காயெண்ணெய் வாசனை இருக்கும், அவள் இருக்க மாட்டாள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சித்திக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றாள் அம்மா.

"மறைச்சுட்டு அவருகூட எப்படிக்கா வாழறது?" என்று கேட்டாள் சித்தி.

நடந்ததை அப்படியே எழுதிப் போட்டாள். மாப்பிள்ளை ஒருமுறை வந்து, காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சித்தி பூ வைத்துக்கொண்டாள். மார்கழியில் அவருடைய மாமா வந்தார். காப்பியைத் தொடவில்லை. தாம்பூலத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, பையனுக்கு வேறு இடம் பார்த்தாயிற்று என்றார்.

தையில் மறுமுறை ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி வந்தார்கள். ஒன்றுமில்லை. அம்மா சாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். சித்தி முகம்கூடக் கழுவாமல் வந்து என்னை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். எலும்பு நோகும்படி இறுக்கினாள். என் உச்சந்தலை நனைந்தது.

"இனிமே எங்கயும் போகமாட்டீல்ல சித்தி?" என்று கேட்டேன்.

"போகல கண்ணு."

நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.