ஏழாம் இலக்கப் பீங்கான்

அந்த வருடம் நீச்சல் போட்டியை நிறுத்தியிருக்கலாம். யாரும் எங்களை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைப் பக்கமெல்லாம் வாந்திபேதி பரவி, ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் விறாந்தையில் பாய் விரித்திருந்தார்கள். ஆனால் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளர். இருபத்தாறு வயதில் பதவி கிடைத்தவனுக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். நோய்க்குப் பயந்து போட்டியை விட்டார்கள் என்று பக்கத்து ஊர்க் கழகத்தார் சொல்லிச் சிரிப்பார்களே என்பதுதான் எனக்கிருந்த பெரிய கவலை.

ஆகவே சட்டம் போட்டேன். சுகாதாரப் பரிசோதகரைத் தேடிப்போய், அவர் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். வழக்கமாக ஆற்றில் நடக்கும் போட்டியைக் கடலுக்கு மாற்றினோம். ஒருவன் துடைத்த துவாயை இன்னொருவன் தொடக் கூடாது. கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும். போட்டிக்கு முந்திய மூன்று நாளைக்குள் வயிற்றோட்டம் வந்தவன் நீந்தக் கூடாது. முக்கியமாக, சாப்பாடு ஆளுக்கொரு தட்டில், எங்கள் பேச்சில் சொன்னால் தனித்தனிப் பீங்கானில். இதற்காகவே எனாமல் பீங்கான்கள் வாங்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் அதற்குரியவனின் இலக்கத்தைச் சிவப்புப் பெயின்ற்றால் நானே எழுதினேன். எழுத்து அழகாக வந்ததில் எனக்குப் பெருமை வேறு.

என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகனுக்கு ஏழாம் இலக்கம். பதினைந்து வயது, ஒரே பிள்ளை. தண்ணீரில் இறங்கினால் கரையேற மனம் வராதவன். மச்சான் சவூதிக்குப் போயிருந்த காலமென்பதால் அந்த வீட்டுக்கு ஆண் துணை என்று நான்தான். ராத்தா அவனை அனுப்ப மறுத்துவிட்டார்.

"ஊரெல்லாம் நோய் கெடக்கு. இப்ப என்னத்துக்குடா நீச்சல்? நான் உடமாட்டன்."

"எல்லாத்துக்கும் சட்டம் போட்டிரிக்கன் ராத்தா. பீங்கானும் வேற வேற. ஒண்டுக்கும் பயப்புடாதங்க."

"நீ பொறுப்பா?"

"ஓம். நான் பொறுப்பு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசக்கிறது.

போட்டியன்று கடல் அடங்கிக் கிடந்தது. இரண்டு தோணிகளுக்கிடையில் கயிறு கட்டி, இரண்டு ஊர்ப் பையன்களையும் பத்துப் பத்துப் பேராக இறக்கினோம். ஏழாம் இலக்கம் முதலாவதாகக் கரையேறினான். மூச்சு வாங்க ஓடிவந்து, "மாமா, பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன். பரிசோதகரும் கடைசிவரை நின்று, எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று என் கையைக் குலுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

எங்கள் ஊர்களில் விருந்தென்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது. சஹனில் உட்காராமல் ஒதுங்குகிறவன் ஒன்றில் கோபக்காரன், இல்லாவிட்டால் மற்றவனை அருவருக்கிறவன். சாப்பாட்டைப் பொறுப்பெடுத்திருந்த ஹாஜியார் சமையல்காரரிடம் சொல்லிச் சஹன்களையே கொண்டுவரச் செய்திருந்தார். என் பீங்கான் அடுக்கைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இதென்ன தம்பி, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி? போன வருசம் ரெண்டு ஊரும் சண்ட புடிச்சி அடிபட்ட புள்ளையள். ஒரு சஹன்ல கைய வெச்சாத்தான் மனசு ஒண்டாகும். பீங்கான எடுங்க அங்கால."

"நோய்க் காலம் ஹாஜியார்..."

"ஒத்தன்ட கைய ஒத்தன் அருவருக்கிறதா?"

பந்தலே என்னைப் பார்த்தது. முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முன்னால் அந்தச் சொல் எனக்கு வரவில்லை. பீங்கான்களை வாங்குப் பலகைக்கு அடியில் தள்ளினேன். மருமகன் மட்டும் குனிந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டான். "இத நான் ஊட்டுக்குக் கொண்டு போறன் மாமா" என்றான். அவன் தோளைப் பிடித்து, இரண்டு ஊர்ப் பையன்களும் கலந்திருந்த ஒரு சஹனில் நான்தான் உட்கார வைத்தேன்.

அதே சஹனில் இருந்த பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் காலையிலேயே இரண்டு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாழம்பற்றைப் பக்கம் ஓடியிருக்கிறான். சொன்னால் பெயரை வெட்டிவிடுவேன் என்று பயந்து மறைத்துவிட்டான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டான். பல வருடங்கள் அவன்மீது கோபமாக இருந்தேன். வேறு யார்மீதாவது கோபப்பட முடிந்தது அந்தக் காலத்தில் எனக்குப் பெரிய ஆறுதல்.

மருமகனுக்கு மறுநாள் மாலை தொடங்கியது. விடிவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. விறாந்தைப் பாயில் கிடத்தி, யன்னல் கம்பியில் சேலைன் போத்தலைக் கட்டினார்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள், நெடுநேரம் கடலில் கிடந்து ஏறியவனுடையவை போலச் சுருங்கியிருந்தன. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது கேட்பதை நிறுத்திவிட்டான்.

நோய்க்குப் பயந்து அன்றைக்கே அவசரமாக அடக்கினோம். ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. ராத்தா மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்தா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதினோம். ஓதி முடிந்ததும் சஹன்கள் வந்தன. நானும் ஒரு சஹனில் ஆறாவது ஆளாக உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"தம்பிக்கு வேறயா வைங்க. அவர்தானே சட்டம் போட்டவர்."

என்னை அவர் என்று ராத்தா சொன்னது அதுதான் முதல் தடவை. பரிமாறிக்கொண்டிருந்தவர் திரைக்குள்ளிருந்து ஒரு பீங்கானை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். சோறு நிறைய, இறைச்சியும் நல்ல துண்டாகப் பார்த்து வைத்திருந்தது. விளிம்பில் என்னுடைய கையெழுத்தில், சிவப்பில், ஏழு.

சஹனைச் சுற்றியிருந்த ஐந்து பேரும் கையை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பிறகு கிணற்றடியில் நானே கழுவி, திரைக்குள் நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது.

ராத்தாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. என்னோடு கதைக்கிறார், சுகம் விசாரிக்கிறார், பெருநாளைக்கு மறக்காமல் கூப்பிடுகிறார். அந்த வீட்டில் எனக்குச் சோறு இன்றைக்கும் அந்தப் பீங்கானில்தான் வருகிறது.