சோதனைக்குப் போட்ட பண்டல்கள்

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், பனியன் கம்பெனி ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பத்தாவதில் கணக்கைக் கோட்டை விட்டவனுக்கு அந்தப் பெயரே ஜாஸ்தி. ஒவ்வொரு டெய்லருக்கும் ஒரு டோக்கன் நம்பர். எந்த நம்பருக்குப் போன துணி பண்டல் தைத்துத் திரும்பி வரவில்லை என்பதை, வேலையில் இருப்பவர்களின் நம்பரை மட்டும் பார்த்து, கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்ன புரோகிராம் தினமும் தானாகவே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்.

தேனிப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த டெய்லரின் நம்பரை அன்றுதான் வேலைப் பட்டியலில் ஏற்றியிருந்தேன். அன்றே அதில் ஆறு பண்டல் வரவில்லை என்று வந்தது. சூப்பர்வைசர் அவரைச் சட்டையோடு பிடித்துக் கட்டிங் டேபிளுக்கு இழுத்தார். முதல் அறையிலேயே உதடு கிழிந்தது. அப்போதும் எங்கள் ஊர் மரியாதை குறையவில்லை.

"ஏனுங்க, சரக்க எங்கீங்க வித்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றில் மிதித்தார்.

"நான் எடுக்கலண்ணே."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இத்தன 'ங்க' போட்டு அடிச்சா அவருக்கு வலிக்குமுங்களா?" என்றேன். எனக்கும் ஒன்று விழுந்தது. காது அடைத்துக்கொண்டது.

சூப்பர்வைசர் டெய்லரின் வலது கையை டேபிளில் அழுத்தி, துணி நகராமல் இருக்க வைக்கும் இரும்புக் கட்டையைத் தூக்கினார். உண்மையைச் சொல்லாவிட்டால் விரல் ஒவ்வொன்றாகப் போகும் என்றார். சுண்டு விரலில் ஒரு முறை இறக்கியும் விட்டார். டெய்லர் போட்ட அலறலில் மெஷின்கள் நின்றன. விரல் போனால் அந்த ஆளுக்குப் பிழைப்பே இல்லை.

நான் ஓடிப்போய் அந்த ஆறு பண்டலின் வரிகளையும் கம்ப்யூட்டரில் திறந்தேன். துணியின் நிறம் இல்லை, சைஸ் இல்லை. ஆறும் ஒரே நொடியில் ஏறியிருந்தன. அந்த ஆள் சேர்வதற்கு எத்தனையோ மாதம் முன்பு. எனக்கு விளங்கிவிட்டது. ஸ்கிரிப்ட் எழுதியவர் சோதனைக்காகப் பொய் பண்டல்களை ஏற்றியிருக்கிறார். யாருக்கும் தொல்லை வேண்டாமென்று, வேலையை விட்டு நின்றவரின் நம்பரில் போட்டிருக்கிறார். அழிக்க மறந்துவிட்டார். எங்கள் கம்பெனியிலோ, நின்றவரின் நம்பரை அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுவோம்.

"கட்டைய கீழ வைங்ணா. அப்படியொரு பண்டலே கம்பெனில இல்லீங்ணா."

சூப்பர்வைசர் டெய்லரையும் இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் வந்து பார்த்தார். அழித்துவிடச் சொன்னார். பிறகு டெய்லரின் தோளைத் தட்டி, "தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க" என்றார்.

டெய்லர் நெற்றியால் ஒரே முட்டு. சூப்பர்வைசரின் மூக்கு உடைந்து கீபோர்டெல்லாம் ரத்தம். டெய்லர் நசுங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். ஒருத்தரும் தடுக்கவில்லை.

ஆள் இல்லாத இன்னும் மூன்று நம்பர்களிலும் அதே மாதிரி பண்டல்கள் கிடந்தன. மூக்கில் வேஸ்ட் துணியை வைத்து அழுத்திக்கொண்டு சூப்பர்வைசரே பக்கத்தில் நின்றார், நான் கடைசி வரியை அழிக்கும் வரைக்கும்.