பொழுது சாய்ந்தால் வரும் குரல்

1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த சமயம். தர்மபுரி மாவட்டத்தில் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், பெட்டியைத் திறந்து, வால்வு மாற்றி, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். இருபத்தாறு வயது. ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. அந்த ஊர் ரேடியோ மாதர் சங்கக் கட்டடத்தில் இருந்தது. வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. காலையும் மாலையும் ரேடியோவைப் போடுவது ஓர் அம்மாவின் பொறுப்பு. அவருக்கு முப்பது வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். நான்கு நாட்களாக மாலையில் திருச்சி நிலையத்துக்கு நடுவே புரியாத மொழியில் ஒரு குரல் வருகிறதாம். அது எதிரி நாட்டு ரேடியோ, அந்த அம்மாதான் வேண்டுமென்றே திருப்பி வைக்கிறார் என்று ஊரில் பேச்சு. பஞ்சாயத்துத் தலைவர் நான் போன அன்று காலை அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். நான் பார்த்து எழுதிக் கொடுத்தால், அதைப் போலீசுக்கு அனுப்புவதாக இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. போட்டதும் திருச்சி கணீரென்று பேசியது. அந்த ரேடியோக்களில் யாரும் நிலையத்தை மாற்றாதபடி குமிழைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அரக்கு முத்திரை வைத்திருப்போம். முத்திரையின் ஓரம் விரிசல் விட்டிருந்தது. வெயிலுக்கு அரக்கு விரிசல் விடுவதை எத்தனையோ ஊர்களில் பார்த்தவன்தான் நான். ஆனால் புகாரைப் படித்துவிட்டுப் போயிருந்ததால், அன்று அந்த விரிசல் வேறு மாதிரி தெரிந்தது.

"நா தொடவே இல்லீங்க சார். பகல்ல வராதுங்க, பொழுது சாஞ்சாத்தான் அந்தக் கொரலு வருது. அது வரைக்கும் இருந்து ஒருவாட்டி கேட்டுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொழுது சாஞ்சது ரேடியோவுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற தலைவரும் சிரித்தார். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. 'கருவியில் பழுது இல்லை. முத்திரை விரிசல் விட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரியும் பொய்யில்லை. சேர்த்துப் படித்தால் என்ன அர்த்தம் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் வரவில்லை. பாலக்கோட்டிலேயே பிரேக்டவுன் என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆறரை மணி வாக்கில் தலைவரே ரேடியோவைப் போட்டார். போர்ச் செய்திக்காக ஊர் கூடியிருந்தது. அந்த அம்மா எதிர்ச்சாரியில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கூடையில் இருந்த தக்காளியை நல்லது கெட்டது பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் திருச்சி மங்கியது. அதற்கு அடியிலிருந்து கனமான ஓர் ஆண் குரல் கிளம்பியது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருச்சி ஒலிபரப்பாகும் மீடியம் வேவ் அலைகள் பகலில் தரையை ஒட்டித்தான் போகும். மேலே போவதை வானத்தின் ஓர் அடுக்கு விழுங்கிவிடும். வெயில் போனதும் அந்த அடுக்கு கலையும். அப்புறம் அலைகள் இன்னும் உயரத்தில் உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால்கூட இறங்கும். எங்கேயோ அதே அலைவரிசையில் இருக்கும் ஒரு நிலையம் போர்க்காலத்தில் சக்தியைக் கூட்டியிருக்க வேண்டும். இதையெல்லாம் படம் போட்டுப் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன் நான். அந்த அம்மா காதால் கேட்டே கண்டுபிடித்ததைக் கேலி செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஓடிப்போய் எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இது தானா வருதுங்களா?" என்று தலைவர் இரண்டு தடவை கேட்டார். பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். அவர் சாவியை என்னிடம் நீட்டினார். நானே கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை நீட்டவில்லை.

"வேண்டாங்க சார். நாலு நாளா எம் புள்ளைங்களோட ஒருத்தரும் பேசல. ஊரு சொன்னத நா பெருசா எடுத்துக்கலீங்க, அவங்களுக்கு ரேடியோ தெரியாது. நீங்க தெரிஞ்சவங்க. சார் வந்துட்டா சரியாயிரும்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு மறுபடி தக்காளிக் கூடைக்குக் குனிந்துகொண்டார். சாவியைத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தேன். போலீஸ் வரவில்லை, என்னால் ஆனது அவ்வளவுதான். அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது வேறு ஒருவர் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறும் வரை, யார் என்ன கோளாறு சொன்னாலும் அது எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டு, அந்த நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்து பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். அப்படிக் காத்திருந்தபோதெல்லாம், அன்று நான் சிரித்துவிட்டுப் போன பிறகு அந்த அம்மா குழந்தைகளிடம் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வியும் என்னோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.