அப்பாவுக்கு ஒரு வாழ்த்துப்பா

“ஆறு மாச இங்கிலீஷை வைச்சுக்கொண்டு உனக்கு என்னடி விளங்கப்போகுது?” என்று அம்மா கேட்டார். ஜெர்மனியில், கொலோன் நகரத்து ட்ராமுக்குள் நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அம்மா கல்யாணக் கூறைச்சேலையை எடுத்து உடுத்திருந்தார். அப்பாவின் கையில் பொன் விளிம்பு வைத்த புதுப் படச்சட்டம்.

ஆங்கிலேயர்களின் தேவாலயம் ஒன்றில் அப்பா பத்து வருடமாக வேலை செய்தார். கூட்டுவது, பூட்டுவது, ஞாயிறுகளில் சூப் வைப்பது எல்லாம் அவர்தான். இங்கிலாந்துப் பாதிரியாரும் அவரும் உடைந்த ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பத்து வருடத்துக்காக அன்று, அப்பாவைப் பற்றித் தான் ஆங்கிலத்தில் எழுதிய கவிதையைப் பாதிரியார் வாசிக்கப்போகிறார். எங்கள் ஆட்களின் விழாக்களில் வாழ்த்துப்பா என்றால் முழுக்கப் புகழ்ச்சி. வாசித்துவிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். பாதிரியாருக்கு அந்த வழக்கம் தெரியாதே என்று அப்பா சட்டத்தைத் தானே வாங்கிவிட்டார்.

இரண்டாவது வரியிலேயே மண்டபம் சிரித்தது. அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“என்னவாம் பிள்ளை?”

அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்ற வேகத்தில், விளங்கியதையெல்லாம் கொட்டினேன். “நீங்கள் பாதிரியாரை உள்ளுக்க வைச்சுப் பூட்டிப்போட்டு வந்திட்டியளாம். உங்கட சூப்பைக் குடிச்சு ஓர்கன் வாசிக்கிறவர் அழுதவராம்.”

அப்பாவின் சிரிப்பு நின்றது. கடைசி இரண்டு வரி எனக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டேன். சிரித்த அத்தனை பேரும் ஏன் எழும்பி நின்று கைதட்டினார்கள் என்பதும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா தேவாலயத்துச் சாவிகள் தொங்கிய திறப்புக் கோர்வையைத் திருப்பிக் கொடுத்தார். “ருக்கன் கபுட்” என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். முதுகு போய்விட்டதாம், இனி வேலைக்கு வரமாட்டாராம். பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அங்கே ஆங்கிலம் படித்த பிறகுதான், கட்டிலுக்குக் கீழே வெறும் சட்டத்தோடு கிடந்த, பாதிரியார் அன்று வாசித்துக் கொடுத்த தாளை எடுத்தேன். கவிதையில் அதிகம் கேலிக்கு ஆளானவர் பாதிரியார்தான். பூட்டிய கோயிலுக்குள் பசியில் மெழுகுதிரியை முகர்ந்து பார்க்கிறார். நான் விட்ட வரிகள் இவை: சொர்க்கத்தின் திறப்பும் இவர் கையில் இருந்தால் எனக்குப் பயமில்லை, என்னை உள்ளே வைத்துத்தான் பூட்டுவார்.

போன ஞாயிறு அதைத் தமிழில் எழுதி அப்பாவுக்கு வாசித்தேன். சூப்புக்குச் சிரித்தார். கடைசி வரிக்குச் சிரிக்கவில்லை.

“அந்த மனிசன் இப்ப எங்க இருக்கிறார்?”

விசாரித்து வைத்திருந்தேன். இங்கிலாந்தில், ஒரு கடற்கரை ஊரில். அப்பாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.