தொப்பிக்காரர் கட்சி

சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளரின் தலையை இரண்டு விரலால் லேசாகச் சாய்க்கிறார். "தொப்பிக்காரர் இவ்வளவுதான் சாய்வார். பந்து காதை உரசிட்டுப் போயிடும். மனுஷன் கண்ணைக்கூட சிமிட்ட மாட்டார்." பாதி முடி வெட்டிய தலையோடு இருப்பவர் கண்ணாடியில் தன் காதைக் கவலையாகப் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் தெரு சலூன்காரருக்கு 'அம்பயர்' என்று பெயர். பத்து வருடமாக ஒரே வழக்குக்குத்தான் தீர்ப்புச் சொல்கிறார். டெஸ்ட் கிரிக்கெட்டில் யார் பெரியவர்? வேகப்பந்துக்கு எதிரே வெறும் துணித்தொப்பியோடு நின்ற அந்தக் காலத்துத் தொப்பிக்காரரா, இன்றைய ஹெல்மெட்காரரா? சராசரி, சதம் என்று எதை நீட்டினாலும் ஹெல்மெட்காரர்தான் முன்னால் நிற்பார். அம்பயர் மசிய மாட்டார். அப்போதெல்லாம் ஆடுகளத்தை மூடி வைக்க மாட்டார்களாம். மழையில் ஊறிய மண்ணில் பந்து எங்கே எழும்பும் என்று போட்டவனுக்கே தெரியாதாம். "ஹெல்மெட் போட்டு அடிச்ச ரன்னுல பாதியைக் கழிச்சிடணும் சார்." நான் ஹெல்மெட்காரர் கட்சி. அதனாலோ என்னவோ, என் கிருதா இரண்டும் ஒரே அளவில் இருந்ததே இல்லை.

இதையெல்லாம் மூலை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள். இப்போது ஒரு பெண்கள் கிளப்பில் தொடக்க ஆட்டக்காரி. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரியும் என்பதால் அவர் அவள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு மின்சாரம் போய்விட, கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போனார். மகள் துணித்தொப்பியோடு ஆட இறங்கினாள். பந்து காதை உரசிக்கொண்டு போனது. அவளும் கண்ணைச் சிமிட்டவில்லை.

அன்றிலிருந்து மனிதர் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மனைவி சொன்னார். கடையில், கிருதாவுக்கு மேலே நெற்றிப்பொட்டுக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிடுகிறது. "இங்க எலும்பு முட்டை ஓடு மாதிரி சார். எத்தனை தலையைத் தொட்டிருக்கேன், எனக்குத் தெரியும்." நான் என் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவசர அவசரமாகக் கட்சி மாறினார். ஹெல்மெட்காரரின் கால் நகர்வைப் புகழ்ந்தார், பொறுமையைப் புகழ்ந்தார். எவ்வளவு வாங்கினீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்தார்கள். மகள் மட்டும் தொப்பியை விடுவதாக இல்லை. ஒரு மாலை அவள் கடைக்கு வந்தபோது, இத்தனை வருடமாக எங்களிடம் மறைத்ததை எடுத்துப்போட்டார்: தொப்பிக்காரருக்கு ஒருமுறை பொட்டிலேயே அடிபட்டு, ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போனார்களாம்.

"தெரியும்பா," என்றாள். "நாலே மாசத்துல திரும்பி வந்து நூறு அடிச்சார். அதே தொப்பியோட."

அம்பயர் சீப்பைக் கீழே வைத்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா."

அந்தக் கடையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. "பயந்தவன் பேட்டைத் தொடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானேப்பா?" கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த ஞாயிறு அவர் கடை திறக்கவில்லை. துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு, புது ஹெல்மெட் ஒன்றை வாங்கி மைதானத்துக்கு எடுத்துப்போனார். மகள் ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். பந்து சரியாகத் தெரியாது என்று சொல்லி அதை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தாள்.

எதிர் அணியில் பந்து வீசும் பெண் நல்ல உயரம். தூரத்தில் போய்த் திரும்பி நின்றாள். "ரொம்ப தள்ளிப் போறாளே சார்," என்றார் அம்பயர். அவள் ஓடிவரத் தொடங்கியபோது, மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டி, தாடைப் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டார்.